அக்கா எழுதாமல் விட்ட வரி

இந்த நினைவு மலரோடு உங்கள் கையில் கொடுத்திருக்கும் சின்னப் பட நூலைத் திறந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் பாட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் பட்டை ஒட்டியிருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டையைச் சுரண்டிப் பார்க்காதீர்கள் என்றும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சுரண்டினால் என்ன இருக்கும் என்று நானே சொல்லிவிடுகிறேன். என் முட்டாள்தனம் இருக்கும். வண்ண மையில், தடித்த எழுத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரியாக இருக்கும்.

உறவினர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. என் கல்யாணத்தன்று பக்கத்து மண்டபத்தில் போய் உட்கார்ந்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் மாலைக்குக் கழுத்தை நீட்டியவன் நான். ஓசூரில் பிரேக் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். மற்றவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தில் என் அக்கா செய்ததிலும் ஒரு குறை கண்டுபிடித்து, அதைச் சரியும் செய்துவிட்டேன். அதன் பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன். வேடிக்கையாக எழுத முடியுமென்றுதான் பேனாவை எடுத்தேன். முழுக்க அப்படி வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில், எங்கள் வேலியைத் தாண்டினால் ஆந்திரா என்கிற ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் காப்பவர். அக்கா பிறந்து வெகு காலம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரத்தில் நான் பிறந்தேன். அம்மாவுக்குத் தோப்பு வேலை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அக்காதான். பத்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றதற்குப் பாதிக் காரணம் நான். மீதிப் பாதி ஊருக்கு வராத பஸ்.

உச்சி வெயிலில் தோப்பில் ஆள் நடமாட்டம் இருக்காது. கிளியை விரட்டிக்கொண்டே அக்கா எனக்குக் கதை சொல்வார். வாலைத் தொலைத்த குரங்கு, கிணற்றுக்குள் சந்தை போட்ட தவளை, எல்லாம் அவராகக் கட்டியவை. கதை முடியப் போகிற இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவார். என்னைப் பார்க்க மாட்டார். என் தோளுக்குச் சற்று அப்பால், ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“அப்புறம் என்னக்கா?”

“இருடா. சொல்லுவாங்க.”

“யாரு சொல்லுவாங்க?”

காற்று இருக்காது. ஒரு இலை அசையாது. நான் எழுந்து அம்மாவிடம் ஓடுவேன். டிராயர் எந்த நிலையில் இருந்தது என்பதை மலரில் எழுதுவது மரியாதை இல்லை. திரும்பி வரும்போது அக்கா தனக்குத் தானே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடிவு தெரிந்துவிட்டவரின் சிரிப்பு அது. என்னிடம் சொல்ல மாட்டார். “நீ இல்லாதப்ப வந்துச்சு, நீ எதுக்கு ஓடினே?” என்பார்.

திருமணமாகி ஓசூருக்கு வந்தார். அக்காவின் வீட்டுக்காரர் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். மகள் நந்தினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அக்கா ஒரு பருவம் முழுக்கக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் பழம் அறுக்கப் போனார். கை முழுக்க மாம்பால் பட்டுப் புண்ணாகிவிடும். அந்தக் கையோடு, அச்சு கோணலாகிப்போனதால் கழித்துப் போட்ட டப்பா லேபிள்களைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்தார். ஒரு பக்கம் மாம்பழப் படம், மறுபக்கம் வெள்ளை. “இதெல்லாம் எதுக்குக்கா, டப்பா எங்க?” என்று கேட்டுச் சிரித்தவன் நான். அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் அக்காவின் முதல் பட நூல்கள் பிறந்தன. இன்றும் அவற்றை வெளிச்சத்தில் பிடித்தால் குருவிக்குப் பின்னால் மாம்பழம் தெரியும்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்றை எடுத்து, ஷிஃப்டுக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். ஊரார் வாயில் அது பேபி சிட்டிங். ஒரு குழந்தை கன்னடத்தில் அழும், ஒன்று தெலுங்கில் அழும், இந்தி பேசுகிற வீட்டுக் குழந்தை எந்த மொழியிலும் அழாமல் முறைத்துக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு இன்னொன்று சொல்வது புரியாது. ஆனால் பாட்டுக்கு மட்டும் எல்லாம் ஒன்றாகத் தலையை ஆட்டும். இதைக் கவனித்துத்தான் அக்கா பாட்டுக் கட்டினார். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்கு நான்கு வரி. துணைக்கு லட்சுமம்மா வந்து சேர்ந்தார். மாலூர்ப் பக்கத்துக்காரர், அதட்டலில் அன்பு வைப்பவர்.

ஒரு நாள் மஞ்சள் லாரிப் பாட்டைப் படித்துக்கொண்டிருந்தாராம்.

மஞ்சள் லாரி மேட்டுல ஏறுது
மாங்கா மூட்டை ஆடிச் சாயுது
டிரைவர் கண்ணு தூங்கி வழியுது

நான்காவது வரி மறந்துவிட்டது. நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் எல்லாக் குழந்தைகளும், தமிழே பேச வராத குழந்தையும் சேர்ந்து, ஒரே குரலில் சொல்லியிருக்கின்றன.

ஆரன் அடி அண்ணே, ஊரு தெரியுது

“நான் வேற என்னமோ எழுதி வச்சிருந்தேன்டா. அதுங்க சொன்னதுதான் சரி” என்றார் அக்கா என்னிடம்.

“நீ முன்னாடியே ஒரு தடவை பாடியிருப்பே. மறந்துட்டே.”

“எழுதினதே காலையிலதான்டா.”

அன்றிலிருந்து அக்காவின் எந்த நூலிலும் நான்காவது வரி கிடையாது. மூன்று வரி எழுதுவார். மூன்று வரி படிப்பார். பிறகு குழந்தைகளுக்குச் சற்று அப்பால் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பை நான் கதவோரம் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். பின்கழுத்தில் முடி எழுந்து நிற்கும். கம்பெனிகளின் இரைச்சல்கூட அந்த நேரத்தில் தள்ளிப் போய்விட்டது போலிருக்கும். வரிசையில் நமக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றால் திரும்பாமலே தெரியுமே, அதுபோல அறைக்குள் ஒரு ஆள் கூடியது தெரியும். பிறகு குழந்தைகள் எல்லாம் ஒன்றாக வாயைத் திறக்கும்.

தரப் பரிசோதகன் சும்மா இருப்பானா? நானும் ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு போனேன்.

போல்ட்டு ஒண்ணு கழண்டு ஓடுது
நட்டு அதைத் தேடி அழுவுது
ஸ்பேனர் அண்ணன் நடுவில் நிக்குது

நிறுத்தினேன். அக்காவைப் போலவே கோணலாகப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. ஒரு குழந்தை எழுந்து வந்து, என் கையிலிருந்த தாளை வாங்கி, நான்காக மடித்து, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. லட்சுமம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

“நீ எங்கடா காத்திருந்தே? கேள்வி கேட்டுட்டு வாத்தியார் மாதிரி நின்னே. அப்படி நின்னா எது வரும்?” என்றார் அக்கா.

நாளடைவில் கிருஷ்ணகிரியில் அச்சகம் வைத்திருக்கும் முனிரத்தினம் அந்தப் பாட்டுகளை அச்சிட்டுக் கொடுக்க முன்வந்தார். ஜூஜுவாடியில் ஒரு காப்பகத்துக்கும், எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடிக்கும் அக்காவின் நூல்கள் போயின. அக்கா அதனால் பெரிய ஆள் ஆகிவிடவில்லை. அதே பருத்திப் புடவை, குளிருக்கு அதே கம்பளிச் சட்டை, பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்து ஓரம் விறைத்துப்போன அதே முந்தானை. யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் தாய் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். நந்தினியைப் படிக்க வைத்தார். அவள் பெங்களூரில் நல்ல வேலைக்குப் போனாள். வாரக் கடைசியில் அத்திப்பள்ளி நெரிசலைத் திட்டிக்கொண்டே வந்து அம்மா மடியில் தலை வைத்துப் படுப்பாள். அவ்வளவு பெரிய பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு அக்கா படம் வரைவார்.

கடைசியாக வரைந்ததுதான் உங்கள் கையிலிருக்கும் கதவுப் புத்தகம். மழை பெய்கிறது. ஒரு வீட்டின் கதவை ஒவ்வொருவராக வந்து தட்டுகிறார்கள்.

டொக் டொக் டொக் கதவு தட்டுது
சொட்டச் சொட்ட மழை கொட்டுது
குட்டிக் குருவி நனைஞ்சு நிக்குது

அடுத்த பக்கத்தில் அணில், அதற்கடுத்து நாய்க்குட்டி. வரைய வரையப் பக்கங்களை அக்கா பிள்ளைகளிடம் படித்துக் காட்டினார். “வா வா குருவி, கதவு தொறந்திருக்குது” என்று அவை சேர்ந்து சொல்லும். கடைசிப் பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. வழக்கமாக அதைத்தான் முதலில் வரைவார். அதையும் அப்படித்தான் முதலில் வரைந்து, மேசைக்குள் கவிழ்த்து வைத்திருந்தார். எதற்கோ மேசையைத் திறந்த நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு அறை. உள்ளேயிருந்து பார்த்தால் தெரிகிற கதவு. தரையில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. நிழலுக்கு ஆள் இல்லை.

“யாரு நிழல்க்கா இது?”

“இன்னும் தெரியலடா” என்றார். தாளை வாங்கி மறுபடி கவிழ்த்து வைத்தார்.

ஒரு காலை நேரத்தில், பிள்ளைகளுக்கு ராகிக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு வலது கையும் காலும் இழுத்துவிட்டது. லட்சுமம்மாவும் பக்கத்து வீட்டு ஆட்களும் வாசலில் நின்ற வண்டிக்குத் தூக்கிப் போனார்கள். ஓசூரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேச்சுக் குழறிவிட்டது. தண்ணீர் என்று சொல்ல வராது. என் பெயர் வராது. ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்துப் பாட்டு மட்டும், துடைத்து வைத்த கண்ணாடி போலத் தெளிவாக வந்தது.

டொக் டொக் டொக் மறுபடி கேக்குது
வெளியில் பார்த்தா வெறிச்சுக் கெடக்குது
இப்போ உள்ளேருந்து கதவு தட்டுது

சொல்லிவிட்டு நிறுத்துவார். நந்தினிக்குச் சற்று அப்பால் பார்ப்பார். காத்திருப்பார்.

பேச்சுப் போன சிலருக்குப் பாட்டு மட்டும் மிச்சமிருக்கும், அது மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். நல்ல விளக்கம்தான். ஆனால் அந்த அறையில் நின்றவர்களுக்கு அது போதவில்லை. தட்டியது யாரென்று சொல்லத் தெரியாமல் நாங்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். மருந்து கொடுக்க வந்த நர்ஸ்கூட ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா வேணும்? யாரும்மா தட்டுறது?” என்று கேட்டாள் நந்தினி.

அக்கா கண்ணை மூடித் திறந்து முதலிலிருந்து தொடங்கினார். டொக் டொக் டொக்.

“நான் இருக்கேம்மா. உன்னை எங்கேயும் போக விடமாட்டேன்.”

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு அப்பால் பார்த்தார். மறுபடி டொக் டொக் டொக். குரல் தேயத் தேய அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி முறை சொல்லி நிறுத்தியபோதும் நாங்கள் காத்திருக்கிறார் என்றே நினைத்தோம். நர்ஸ் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

அதன் பிறகு நந்தினி ஓசூருக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காரியங்களுக்கு மட்டும் வந்தாள், முடிந்ததும் போனாள். போனில் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “அம்மா என்ன கேட்டா மாமா? நான் எதைச் சொல்லியிருக்கணும்?” நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன். அவள் மறுபடி அதையே கேட்பாள். சரியாகத் தூங்குவதில்லை என்று அவளோடு தங்கியிருந்த பெண் சொன்னாள். அம்மா கடைசியாகக் கேட்ட ஒன்றைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம் என்பது அவளைத் தின்றுகொண்டிருந்தது. காப்பகத்தை மூடிவிடலாம், அந்த வீட்டுக்குள் தன்னால் நுழைய முடியாது என்றாள். நாங்கள் பயந்தது காப்பகத்துக்காக மட்டும் அல்ல. அவளுக்காக.

ஆண்டு நினைவுக்குக் கதவுப் புத்தகத்தை அச்சிட்டுக் கொடுத்தால் அவள் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். இங்கேதான் என் முட்டாள்தனம் வருகிறது. முனிரத்தினத்தின் அச்சகத்தில் புரூஃப் பார்த்தபோது பரிசோதகன் கண் விழித்துக்கொண்டது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி குறைகிறதே. அக்காவின் பழக்கம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அக்கா இருந்தவரை அவர் காத்திருந்தார், வரி வந்தது. இனி யார் காத்திருப்பது? வாங்குகிறவர்கள் பாதிப் பாட்டோடு நிற்க வேண்டுமா? அரைகுறைப் பொருள் கம்பெனிக்கு வெளியே போகக் கூடாது என்பதுதானே எனக்குக் கற்றுக்கொடுத்தது. உட்கார்ந்து நானே நிரப்பிவிட்டேன்.

குருவிக்கு: “குருவியே குருவியே, கேட் பாஸ் எங்கே இருக்குது?”

அணிலுக்கு: “லேட்டா வந்தா அணிலு, அரை நாள் லீவாகுது.”

கடைசிப் பக்கத்துக்கு: “பயப்படாதே பாப்பா, காத்துதான் தட்டுது.”

முனிரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சார், அக்கா எப்பவும் எடம் விட்டுத்தான சார் குடுப்பாங்க. ஒரு தபா நான் தெரியாம கோடு போட்டதுக்கே, ‘அங்க யாரும் உக்காரக் கூடாதுப்பா’ன்னு அழிக்கச் சொன்னாங்க.”

“இப்ப நான் சொல்றேன், போடுங்க.”

“போடறேன். ஆனா பேரு கேட்டா நான் இல்லீங்க சார்.”

அச்சான பிரதிகளை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் காப்பகத்துக்குப் போனேன். லட்சுமம்மா பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார். அக்காவைப் பார்த்தே இராத, அந்த மாதம்தான் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தையும் அதில் இருந்தது. தமிழில் அதற்குத் தெரிந்தது ‘தண்ணி’ மட்டும். நான் கேட் பாஸ் வரியை உரக்கப் படித்தேன். ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, பெரியவர்கள் சபையில் ஒருவன் தப்பாகப் பேசிவிட்டால் பார்த்துக்கொள்வதைப் போல. அடுத்த பக்கங்களில் மூன்று வரி முடிந்ததுமே எனக்கு முந்திக்கொண்டு அவர்களுடைய வரியைச் சொல்லிவிட்டன. என் வரி வாய்க்குள்ளேயே நின்றது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். இது அவர்களுக்குத் தெரியாதே என்ற தைரியம். மூன்று வரி படித்தேன். மூச்சு வாங்க நிறுத்தினேன், அவ்வளவுதான். பிள்ளைகள் எல்லாம் கதவைத் திரும்பிப் பார்த்தன. கதவையும் அல்ல. கதவுக்கு இந்தப் பக்கம், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், ஒரே இடத்தில். பிறகு மெதுவாக, கத்தாமல், வீட்டில் பேசுவது போலச் சொல்லின.

போயிட்டு வா, கதவு தொறந்தே இருக்குது

ஒடிசாக் குழந்தையின் உதடும் அசைந்தது. அதன் குரலும் கேட்டது. தமிழ்தான்.

லட்சுமம்மா கையிலிருந்த பால் தம்ளரைக் கீழே வைத்தார். “சார், இது யார் சொல்லிக் குடுத்தாங்க?”

“நீங்க?”

“நான் எங்க சார். கடைசிப் படம் நானே இப்பத்தான் பார்க்கறேன்.”

அப்போது என் மடிமேல் சாய்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் விரலை வைத்துக் காட்டினாள். “இவங்க ஒரு செப்பல் விட்டுட்டுப் போயிட்டாங்க.”

பார்த்தேன். நிழலின் காலடியில், வாசற்படியோரம், ஒற்றைச் செருப்பு. கம்பெனியில் முடியளவு கீறலைக் கண்டுபிடிக்கிற கண், புரூஃபிலும் அச்சிலும் இதைப் பார்க்கவில்லை. லட்சுமம்மா எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அக்காவை வண்டிக்குத் தூக்கிப் போன காலையில், இழுத்துக்கொண்ட காலிலிருந்து ஒரு செருப்பு அதே படியில்தான் கழன்று விழுந்தது. அதை எடுத்து வைத்தவர் அவர். படமோ அதற்கு வெகு நாட்களுக்கு முன்பே மேசைக்குள் கவிழ்ந்து கிடந்தது.

உறவுக்காரர்களே, நான் பேய் பிசாசு பேசுகிற ஆள் இல்லை. ஆகவே பரிசோதகன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். வேறு இடத்தில் மாதிரி எடுத்தேன். ஜூஜுவாடிக் காப்பகத்துக்குப் போனேன். லாரிகளின் ஆரனுக்கு நடுவே படித்தேன். என் வரிகளைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டேன். அங்குள்ள பிள்ளைகள் இந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. குருவிக்கு ‘வா வா’ என்றன. கடைசிப் பக்கத்தில் ‘போயிட்டு வா’ என்றன. வேப்பனப்பள்ளிப் பக்கத்து அங்கன்வாடிக்குப் போனேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள். அங்கேயும் அதே. எல்லா இடத்திலும் சொல்வதற்கு முன் எல்லாப் பிள்ளைகளும் கதவுக்கு இந்தப் பக்கம், அதே உயரத்தில் பார்த்தன. அக்கா சற்றுக் குட்டையானவர். அவர் நின்றால் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும். இதற்கு மேல் மாதிரி எடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

பக்கத்துக்குப் பக்கம் ‘வா வா’ என்று வந்ததால் பிள்ளைகள் அதையே நீட்டின என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்படியானால் கடைசியிலும் ‘வா வா’ அல்லவா வந்திருக்க வேண்டும்? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே போகிறவர் ‘போயிட்டு வரேன்’ என்பதும், இருக்கிறவர் ‘போயிட்டு வா’ என்பதும் நம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்காமல் யாரும் படி இறங்க மாட்டோம். பால் வாங்கப் போகிறவர்கூட நின்று காதில் வாங்கிக்கொண்டுதான் போவார். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் யாராவது அதைச் சொல்வோமா? வாயில் வருமா? அக்கா உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். ‘போக விடமாட்டேன்’ என்றுதான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

நந்தினிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டாள்.

“மாமா, இதுலயுமா விளையாட்டு?” என்று வைத்துவிட்டாள்.

காலம் முழுக்கக் கோமாளித்தனம் செய்தவனுக்கு, உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில் கிடைக்கிற மரியாதை இதுதான்.

முனிரத்தினத்திடம் ஓடினேன். மறுபடி அச்சடிக்க அவகாசம் இல்லை. அவர் ஒன்றும் சொல்லிக்காட்டாமல் வெள்ளைத் தாளைப் பட்டை பட்டையாக அறுத்து, தன் கையாலேயே பாதி ஒட்டிக் கொடுத்தார். அவருக்கு நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன். அக்காவுக்கு வாய் துடைத்து, தலை வாரி, கடைசிவரை பக்கத்திலேயே இருந்த லட்சுமம்மாவுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதனால் அவர் திட்டினால் இனி எதிர்த்துப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அக்காவைத் தூக்கிய அயல்வீட்டார், ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு விழித்திருந்த உறவுகள், ஷிஃப்டு முடிந்து யூனிஃபார்மோடு அப்படியே வந்து வரிசையில் நின்று அழுத தாய்மார்கள், மாந்தோப்பு வேலையைப் போட்டுவிட்டு வண்டி கட்டி வந்த ஊர்க்காரர்கள், ஒவ்வொருவரும் எங்கள் குடும்பத்தின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். பெயர் விட்டுப்போனால் என் மண்டையைக் குறை சொல்லுங்கள், மனதை அல்ல.

மலர் அச்சுக்குப் போவதற்கு முன், போன வாரம், நந்தினி வந்தாள். சொல்லாமல் வந்தாள். சாயங்காலம், தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்துப் போக வருவதற்குச் சற்று முன். நான் வாசலில் ஸ்டூல் போட்டுப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி உள்ளே போனாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். அக்காவின் நாற்காலியில் உட்காராமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“பெரீம்மா பொண்ணு” என்று, பிள்ளைகள் அக்காவைக் கூப்பிட்ட முறையிலேயே லட்சுமம்மா அறிமுகம் செய்தார். பிள்ளைகள் வட்டமாக வந்து உட்கார்ந்தன.

நந்தினி புத்தகத்தை எடுத்துப் படித்தாள். குரல் நடுங்கியது. குருவிக்குப் பிள்ளைகள் ‘வா வா’ என்றன, அணிலுக்கும் நாய்க்குட்டிக்கும் அப்படியே. கடைசிப் பக்கம். மூன்று வரி. நிறுத்தினாள். நான் பசைக் கையோடு எழுந்து நின்றேன். இப்போது சொல்லிவிடும், இவள் நம்பிவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் சொல்லவில்லை.

ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. கதவுப் பக்கமும் திரும்பவில்லை. எல்லாம் நந்தினியையே பார்த்துக்கொண்டிருந்தன. நேராகவும் அல்ல, அவளுக்குச் சற்று அப்பால். அக்காவின் பார்வை. அந்தச் சின்ன முகங்கள் எல்லாவற்றிலும் அக்காவின் பார்வை. கம்பெனிகளின் இரைச்சல் தள்ளிப் போனது. அறையில் ஒரு ஆள் கூடியது தெரிந்தது. என் கையிலிருந்த பசை காய்ந்து தோலை இழுத்தது.

நந்தினி புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். அவளும் கதவுக்கு இந்தப் பக்கம் அந்த இடத்தைப் பார்த்தாள். கண்ணீர் தானாக வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“போயிட்டு வாம்மா. கதவு தொறந்தே இருக்குது.”

அப்படிப்பட்ட மௌனத்தைத் தாங்குகிற பக்குவம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. வாசலில் நின்றபடி, வாய் தன்னால் உளறிவிட்டது. “யாருக்கும்மா சொல்றே? இங்க நான்தானே நிக்கறேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வழி விடுங்க, மாமா.”